பழவேற்காடு ஏரிக்கு வேலை செய்ய வருகிறவர்களுக்கு: முதல் ஒரு வருடத்துக்கான வழி

பூநாரை (ஃபிளமிங்கோ) படம் ஒன்று கைபேசியில் சுற்றத் தொடங்கினால் போதும், பழவேற்காட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், சென்னையில் கணினி வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறை உருப்படியாகக் கழிக்க நினைப்பவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஏரிக்கு ஏதாவது செய்யணும்." எண்ணம் நல்லது. ஆனால் ஒரு நாள் வந்து கரையில் பிளாஸ்டிக் பொறுக்கி, பதாகையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் போனவர்களை ஏரிக்கரை ஊர்கள் ஏகப்பட்ட பேரைப் பார்த்துவிட்டன. ஒரு வருடமாவது தொடர்ந்து வரத் தயாராக இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பறவைக்கும் ஏரியை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கும் சேர்த்துப் பயன்படுகிற வேலை எது, எதை முதலில் செய்வது, எதைத் தொடாமலே இருப்பது நல்லது என்பதுதான் விஷயம்.

1. பறவைக்கு முன்னால் தண்ணீர்

பறவைப் பெயர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதம் தண்ணீரைப் படியுங்கள்.

இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தெற்கு ஓரத்தில் ஒரு சிறு பங்குதான் தமிழ்நாட்டுக்கு. பரப்பு இவ்வளவு பெரிதாக இருந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் ஆள் நடந்தே போவார். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலை மறித்து நிற்கிறது. கடல் ஏரிக்குள் வருவதற்கு இருக்கும் வழி முகத்துவாரங்கள்தாம். பழவேற்காடு ஊரை ஒட்டித் தெற்கே ஒன்று, ஆந்திரப் பக்கம் ராயதொருவு, தூப்பிலிபாளையம் என்று இரண்டு.

இந்த ஏரியின் நல்லது கெட்டது எல்லாம் அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஓதத்தோடு, அதாவது கடல் ஏற்றத்தோடு, உள்ளே வந்து ஏரியில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் மறுபடி கடலுக்குப் போகும். மடவை, கொடுவா மாதிரி மீன்களுக்கும் இந்தப் போக்குவரத்து வேண்டும். மணல் சேர்ந்து வாய் அடைந்துவிட்டால் குஞ்சு உள்ளே வராது. அது மட்டுமா? கோடையில் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு ஏறிவிடும். மழைக்காலத்தில் வாய் அடைந்திருந்தால் நேர்மாறு: வெள்ளம் வடியாமல் ஏரி நன்னீராகி, ஆழமாகி நிற்கும். பூநாரை நடந்து மேய்கிற பறவை. சேற்றைக் கலக்கி, சிறு இறாலினங்களையும் புழுக்களையும் பாசியையும் அலகால் வடிகட்டித் தின்னும். தண்ணீர் ஏறினாலும் அதற்கு இடமில்லை, ஒரேயடியாக வற்றினாலும் இரையில்லை. ஆக, ஏரியில் வலை கட்டி மீன் பிடிக்கிறவருக்கு எது கெட்ட வருடமோ பெரும்பாலும் அது பறவைக்கும் கெட்ட வருடம்.

இதற்குச் சில்காவே சாட்சி. அங்கே வாய் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன்பாடு விழுந்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீனும் இறாலும் திரும்பின. ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பட்டியலிலிருந்து 2002-ல் சில்காவின் பெயரை எடுத்தார்கள். பழவேற்காட்டில் வாய் அடையும்போதெல்லாம் ஊர்மக்களே காசு போட்டு, மண்வெட்டியும் பொக்லைனுமாக மணலை வெட்டித் திறந்திருக்கிறார்கள். இருபுறமும் கற்சுவர் வைத்து வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் திட்டம் நெடுநாள் கோரிக்கைக்குப் பின் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது.

அதனால் ஊருக்குள் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பூநாரை எங்கே இருக்கு?" என்பதில்லை. "முகத்துவாரம் இப்போ எப்படிண்ணே இருக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்த மாட்டார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"உள்ளூர் மக்கள்" என்று மொத்தமாகச் சொல்கிறவர்களை எனக்கு நம்பிக்கையில்லை. இங்கே அப்படி ஒரே கூட்டம் கிடையாது.

தெற்கு ஏரியில் பழைய மீனவக் குப்பங்களுக்குப் பாடு முறை இருக்கிறது. வலை கட்டத் தகுதியுள்ள தலைக்கட்டுகளின் பட்டியல் ஊரில் இருக்கும். ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை வைப்பது என்பது முறைவைத்து மாறிக்கொண்டே வரும். நல்ல மீன்பாடு உள்ள இடம் ஒருவருக்கே நிலையாகக் கிடைத்துவிடாது. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் தண்டம் உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் காயலிலும் இதே மாதிரி முறை இருக்கிறது. மீன்வள ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவரும் விஷயம் இது. வெளியிலிருந்து "கூட்டு மேலாண்மை" சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள், அது இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

அதே நேரம் பாடு முறையைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு நல்ல இடத்தில் இடமில்லை. பாடு இல்லாத ஊர்களுக்கும் பாடு உள்ள ஊர்களுக்கும் இடையே தகராறு பழையது. பெண்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள்.

இருளர் குடும்பங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. முழங்கால், இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். பெண்கள்தான் அதிகம். ஏரியின் ஆழமற்ற ஓரங்கள் பறவைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இவர்களுக்கும் வேண்டும். தண்ணீரில் எதைக் கொட்டினாலும் முதலில் தெரிவது இவர்கள் கைகால் தோலில். சாதிச் சான்றிதழிலிருந்து மீனவர் அட்டை வரை எதை வாங்குவதற்கும் இவர்கள் பலமுறை நடக்க வேண்டியிருக்கிறது.

ஆந்திரப் பக்கம் யானாதிகள் என்ற பழங்குடியினர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளத்துக்காக 1969-ல் இடம் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தீவில் அவர்களுடைய குடியிருப்புகள் இருந்தன. பழவேற்காடு ஊருக்குள் இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். நண்டு வியாபாரி, மீன் கூடைக்காரம்மா, ஐஸ் வண்டிக்காரர், இறால் பண்ணை முதலாளி எல்லோருக்கும் ஏரியில் ஒரு கணக்கு இருக்கிறது. இதோடு மொழியும் எல்லைக்கோடு பார்க்காமல் கலந்திருக்கிறது. தடா, சூளூர்ப்பேட்டை பக்கத்து ஊர்களில் வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு என்று இருப்பவர்கள் நிறைய. கொஞ்சம் தெலுங்கு தெரிந்த ஒருவர் உங்கள் குழுவில் கட்டாயம் வேண்டும்.

எப்படி அறிமுகமாவது? ஊர் நிர்வாகிகளை முதலில் பாருங்கள். குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வேறு, தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர் வேறு. ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரை விட்டால் வேலை கெடும். பிறகு பெண்களைத் தனியாகப் பாருங்கள். ஆண்கள் கூட்டத்தில் "எல்லாம் சரிதான்" என்று முடிந்த பேச்சு, மீன் தரம் பிரிக்கிற இடத்தில் வேறு மாதிரி இருக்கும். வயதில் பெரியவர்களை ஐயா, அண்ணே, அக்கா, பெரியம்மா என்று கூப்பிட்டால் போதும். "சார்" போட்டால் உங்களை அதிகாரி என்று நினைத்துக்கொண்டு, நீங்கள் கேட்க விரும்புகிற பதிலைச் சொல்லிவிடுவார்கள். இருளர் குடியிருப்புக்குப் போகும்போது குப்பத்து ஆட்களோடு சேர்ந்து போகாதீர்கள். காரணம் போனால் புரியும்.

எந்த வாக்குறுதியும் தராதீர்கள். "வீடு வாங்கித் தருகிறோம், படகு வாங்கித் தருகிறோம்" என்ற பேச்சை சுனாமிக்குப் பிறகு நிறையக் கேட்ட கரை இது.

3. சட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள்

ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே வனத்துறைக்குத் தெரியாமல் எந்த ஆய்வும் நடவும் பலகை நடுதலும் கூடாது. தமிழ்நாட்டுக்கு ஒரு விண்ணப்பம், ஆந்திரத்துக்கு ஒரு விண்ணப்பம், இரண்டும் தனித்தனி. ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் வன உயிரினப் பிரிவு அலுவலகம் இருக்கிறது. 2022-ல் மாவட்டம் பிரித்தபோது சூளூர்ப்பேட்டையும் தடாவும் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டன. பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் சரணாலயம், மறுபக்கம் விண்வெளி மையம்.

"சரணாலயம்" என்ற சொல்லைக் கேட்டாலே குப்பத்தில் முகம் மாறும். மீன்பிடிக்கத் தடை வரப்போகிறது என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. உரிமைகளைத் தீர்க்காமலே சரணாலயம் அறிவித்துவிட்டு, நிலத்தையும் நீரையும் பற்றிய கேள்விகளை ஆண்டுக்கணக்கில் தொங்கவிடுவது இந்த நாட்டில் வழக்கம்தானே. இந்த இடத்தில் நீங்கள் படித்து வைத்திருக்க வேண்டியது மூன்று:

- வன உரிமைச் சட்டம், 2006. நீர்நிலைகளின் மீனையும் பிற விளைபொருள்களையும் மரபாகப் பயன்படுத்தி வந்த உரிமை இதன் 3-ஆம் பிரிவில் வருகிறது. சரணாலயத்துக்குள்ளும் இந்தச் சட்டம் செல்லும். இருளர், யானாதி குடும்பங்களுக்கு இது முக்கியம். விண்ணப்பம் கிராம சபையிலிருந்துதான் தொடங்கும்.
- பல்லுயிர்ச் சட்டம், 2002. ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு ஊர்மக்களோடு சேர்ந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல ஊர்களில் குழு காகிதத்தில் இருக்கும். அதை உயிர்ப்பிப்பது நீங்கள் செய்யக்கூடிய செலவில்லாத நல்ல காரியம்.
- ஈரநில விதிகள், 2017. ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதையும் குப்பை, கழிவு கொட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் வன உயிரினச் சட்டத்திலும் கடற்கரை மண்டல ஒழுங்குமுறையிலும் ஏற்கெனவே வருகிற இடங்களுக்கு அந்தந்தச் சட்டம்தான் பேசும். ஏரி சரணாலயம், கரை கடற்கரை மண்டலம், சுற்றியுள்ள தாங்கல்களும் குளங்களும் வேறு கணக்கு. எந்த இடத்துக்கு எந்தச் சட்டம் என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலைப் பற்றியும் கேட்பார்கள். அதில் சேர்ந்தால் மீன்பிடிப்பு நின்றுவிடாது என்பதற்குக் கேரளத்தின் அஷ்டமுடிக் காயல் நல்ல உதாரணம். அது 2002-லேயே ராம்சர் தலம். அங்கே மட்டி அள்ளுகிறவர்கள் முட்டையிடும் பருவமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தொழிலை நிறுத்தி வைக்கிறார்கள். சிறிய மட்டி எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடும் உண்டு. 2014-ல் அந்த மட்டித் தொழிலுக்கு வளம் குன்றாமல் பிடிக்கிறார்கள் என்பதற்கான, உலக அளவிலான எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்று முதலில் கிடைத்தது அங்கேதான். தொழில் செய்கிறவர்களை உட்கார வைத்துப் போட்ட விதி என்பதால் நிலைத்தது.

4. எண்ணுங்கள், எழுதுங்கள்

முதல் வருடம் முழுக்க உங்கள் முக்கிய வேலை இதுதான். சலிப்பாக இருக்கும். ஆனால் நாளைக்கு ஒரு தொழிற்சாலைக்கோ துறைமுக விரிவாக்கத்துக்கோ கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கும்போது, கையில் தேதி போட்ட குறிப்பு வைத்திருப்பவர் பேச்சுக்குத்தான் எடை.

கருவி அதிகம் வேண்டாம். 8×42 இருகண் நோக்கி ஒன்று, அளவு குறித்த ஒரு கழி, உப்பு அளக்கும் கையடக்கக் கருவி, நல்ல நோட்டு. கடல்நீர் 35 பிபிடி அளவில், அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்பாக, இருக்கும். அதை ஒட்டி ஏரியின் உப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். நான்கைந்து இடங்களைத் தேர்ந்துகொண்டு, மாதம் இருமுறை, அதே நேரத்தில், அதே வரிசையில் போங்கள். இடத்தை மாற்றி மாற்றி எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

பறவை எண்ணுவதற்குப் பயிற்சி வேண்டும். பூநாரைக் கூட்டத்தைத் தலைதலையாக எண்ண முடியாது. முதலில் ஐம்பதை எண்ணி, அந்த ஐம்பது கண்ணுக்கு எவ்வளவு அகலம் என்று பிடித்துக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அகலத்தால் அளந்துகொண்டே போக வேண்டும். இருவர் தனித்தனியாக எண்ணி, பிறகு ஒப்பிடுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. அதில் அனுபவசாலிகளோடு ஒரு முறை போனால் பத்துப் புத்தகம் படித்ததற்கு மேல். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் முதலியவை சீக்கிரம் பழகிவிடும். உள்ளான்கள்தாம் உயிரை வாங்கும். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? மீட்டர் கணக்கைப் பறவை படிக்காது. மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் தலையை நிமிர்த்தினால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் இரண்டடி பின்னாலே போங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று விரட்டுகிறவரை அடுத்த முறை கூட்டிவராதீர்கள்.

பறவையோடு நிறுத்தினால் அரைக் கணக்கு. மீன் இறங்கும் இடத்துக்கு விடியற்காலையில் போய், இறால், நண்டு, மடவை, கெழங்கான் என்ன வந்தது, எந்த அளவில் வந்தது, கிலோ என்ன விலைக்குப் போனது என்று எழுதுங்கள். இருளர் பெண்களிடம் அன்றைய கூலி எவ்வளவு நின்றது என்று கேளுங்கள். தண்ணீர், பறவை, மீன், காசு நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியதும் அந்தப் பக்கங்களே பேசும். எண்ணுகிற வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களுக்குப் பயணப்படியாவது கொடுங்கள். "தன்னார்வம்" என்பது வயிறு நிறைந்தவர்களுக்குச் சுலபம்.

5. வருமானம்: எது ஓடும், எது ஓடாது

இங்கேதான் அதிகம் தடுக்கி விழுவார்கள்.

பனையோலை வேலைக்குத் தையல் எந்திரமோ மின்சாரமோ தேவையில்லை. கைத்திறன் தலைமுறையாக இருக்கிறது. சிக்கல் முடைவதில் கிடையாது, விற்பதில்தான். நீங்கள் பெண்களுக்குப் "பயிற்சி" கொடுக்கப் போகாதீர்கள். அவர்கள்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். சென்னையில் நான்கு கடைகளைப் பேசி முடிப்பது, ஆர்டருக்கு முன்பணம் வாங்கித் தருவது, திருமணத் தாம்பூலப் பை மாதிரி மொத்தமாகப் போகும் பொருளுக்கு அளவு பேசுவது, இவைதான் வெளியாளால் ஆகிற உதவி. கூடவே பனைமரம் வெட்டுப்படாமலிருக்க ஊராட்சியில் பேச வேண்டும். மரம் போனால் ஓலைக்கு எங்கே போவது?

நண்டு கொழுக்க வைப்பதை நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். தோல் கழற்றிய புதிதில் சதை பிடிக்காத தண்ணி நண்டுக்கு விலை கிடையாது. அதைக் கூண்டிலோ சிறு குளத்திலோ மூன்று நான்கு வாரம் தீனி போட்டு வைத்திருந்தால் ஓடு கெட்டியாகி, நல்ல விலைக்குப் போகும். மகளிர் குழுக்களுக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் தீனிக்குக் கழிவு மீன் வேண்டும், ஏரியின் உப்பு திடீரென மாறினால் நண்டு சாகும், ஒன்றை ஒன்று கடித்துத் தின்னும். முக்கியமாக, குஞ்சு நண்டையும் சினை நண்டையும் பிடித்துவந்து போட ஆரம்பித்தால் இரண்டே வருடத்தில் ஏரியில் நண்டு தேட வேண்டியதாகிவிடும். தொடங்கும் நாளிலேயே சினை நண்டு திரும்ப ஏரிக்கே என்று குழுவில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சுற்றுலா. படகுச் சவாரி என்ற எண்ணம் உங்களுக்கு வரும். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. மிதவைச் சட்டையும் உரிமமும் இல்லாத படகில் ஆள் ஏற்றிக் கிடைக்கும் காசு யாருக்கும் வேண்டாம். கரையிலேயே செய்ய நிறைய இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடம், சித்திரம் செதுக்கிய கல்லறைகள் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம், ஓலை முடையும் வீடுகள், காலை மீன் ஏலம், பறவை பார்க்கும் கரை. அரை நாள் நடைக்கு இது தாராளம். உள்ளூர் இளைஞர்கள் ஏழெட்டுப் பேரை வழிகாட்டிகளாகப் பழக்கலாம்.

பழக்கியதும் சண்டை வரும். வாரக் கடைசியில் வரும் நாலு காரை யார் அழைத்துப் போவது? என் யோசனை, பாடு முறையை இதற்கும் எடுத்துக்கொள்வதுதான். வழிகாட்டிகள் பட்டியல், சீட்டுக் குலுக்கல், முறைவைத்து வாரம். குப்பத்தில் எவருக்கும் விளக்க வேண்டியிருக்காது. ஆனால் பழைய பட்டியலில் இடமில்லாத இருளர், பெண்கள், ஓலை வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பெயரை இந்தப் புதிய பட்டியலில் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். பிற்பாடு சேர்க்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு பொது நிதிக்கு, அந்தக் கணக்கு மாதாமாதம் ஊர்ச் சாவடியில் ஒட்டப்பட வேண்டும்.

பறவையால் ஊருக்கு நேரடியாக லாபம் இருந்தால் காவல் தானாகவே நடக்கும். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமானது. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் கும்பெனி காலத்திலேயே வேட்டைக்காரர்களைத் தடுக்க ஆட்சியரிடம் எழுத்து வாங்கி வைத்தார்கள். சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில் நேலபட்டு இருக்கிறது. கூழைக்கடா கூடு கட்டும் ஊர். ஒரு நாள் அங்கே போய் ஊர்க்காரர்களோடு பேசிவிட்டு வாருங்கள்.

6. கை வைக்கும் முன் யோசிக்க வேண்டியவை

மரம் நடுவது. அலையாத்தி நடுவதற்கு நன்கொடை எளிதில் கிடைக்கும், படமும் அழகாக வரும். ஆனால் வெறும் சேற்று வெளி என்று நீங்கள் நினைக்கிற இடம்தான் பூநாரைக்கும் உள்ளான்களுக்கும் சாப்பாட்டுத் தட்டு, இருளர் பெண்களுக்கு இறால் தடவும் இடம். அங்கே அலையாத்தி நட்டால் பத்து வருடத்தில் பறவையும் போகும், பிழைப்பும் போகும். ஏற்கெனவே அலையாத்தி இருந்து அழிந்த கால்வாய் ஓரங்களில், ஓதம் ஏறி இறங்கும் மட்டம் பார்த்து, வனத்துறையோடு சேர்ந்து நடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சீமைக்கருவேலத்தை வெட்டுவதாக இருந்தாலும், அதை விறகுக்கும் கரிக்கும் நம்பியிருக்கும் வீடுகள் எவை என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பழைய வலை. தங்கூசி (நைலான் நரம்பு) நண்டு வலை சீக்கிரம் கிழியும். கிழிந்ததைக் கரையிலேயே வீசிவிடுவார்கள். பறவைக் கால் அதில் சிக்கினால் தப்பிக்காது. பொறுக்குவதைவிட எடைக்கு வாங்கிக்கொள்வது பலன் தரும். இரும்புக்கடைக்காரர் ஒருவரையும் பழைய பிளாஸ்டிக் வாங்கும் ஆலை ஒன்றையும் இணைத்துவிட்டால், வலைக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை நிற்கும். காசு கிடைக்கிற பொருளை எவரும் சேற்றில் போட மாட்டார்கள்.

பங்குனி ஆமை கடற்கரைப் பக்கம் ஜனவரியிலிருந்து முட்டையிட வரும். இரவு நடை போக வனத்துறை அனுமதி வேண்டும். கைவிளக்கும் கூட்டமும் கூடாது.

7. வருடம் எப்படிப் போகும்

அக்டோபரில் தொடங்குங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். பேசாமல் உட்கார்ந்து கேட்டாலும் சரி. வடகிழக்குப் பருவமழை தொடங்கி, முகத்துவாரமே ஊரின் பேச்சாக இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைக் காலம். அப்போது கணக்கெடுப்பைத் தவிர வேறெதையும் போட்டுக்கொள்ளாதீர்கள். சூளூர்ப்பேட்டையில் ஆந்திர அரசு ஃபிளமிங்கோ திருவிழா நடத்துவதும் இந்தப் பருவத்தில்தான். அங்கே போனால் இரண்டு மாநில அதிகாரிகளையும் ஒரே இடத்தில் பிடிக்க முடியும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. மழைக்காலக் குறிப்புகளை எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி அங்கே படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் ஊரே திருத்தும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் தடைக்காலம். கடல் வரத்து குறைந்து ஏரி நண்டு, இறால் பக்கம் வியாபாரிகளின் கண் திரும்பும். உப்பும் ஏறிக்கொண்டிருக்கும். விலையையும் உப்பையும் இந்த இரண்டு மாதமும் விடாமல் குறித்து வையுங்கள். குழுத் தொழில்களைப் பேச, கணக்கு வழக்கு கற்றுக்கொடுக்க ஜூலை, ஆகஸ்ட் வசதி. தமிழ்நாட்டுக் கரை ஊர்களும் ஆந்திரக் கரை ஊர்களும் எல்லைத் தகராறு இல்லாமல் ஒன்றாக உட்காரக்கூடிய கூட்டம் ஒன்றையும் அப்போது முயன்று பாருங்கள். தலைப்பு முகத்துவாரமாக இருந்தால் வருவார்கள். பறவையாக இருந்தால் வர மாட்டார்கள்.

8. வந்து சேர்வது

தெற்குப் பக்கத்துக்குச் சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு. வடக்குப் பக்கத்துக்கு சூளூர்ப்பேட்டை வரை போகும் ரயில். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியை ஊடறுத்துக்கொண்டு போகிறது. பூநாரை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏரித்தண்ணீர் ஓட்டத்தை அந்தச் சாலையே மறிக்கிறது என்ற புகாரும் உண்டு. விண்வெளி மையத்து வண்டிகள் வேகமாக வரும். வண்டியை ஓரமாக, இடம் பார்த்து நிறுத்துங்கள். ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், அன்று கடலுக்குப் போகப் படகுகளுக்கே அனுமதி இருக்காது. குடிதண்ணீர், தொப்பி, சேற்றில் போனாலும் கவலையில்லாத செருப்பு. ஆறரை மணிக்குள் கரையில் இருங்கள். ஒன்பதுக்கு மேல் கானல் ஏறிவிடும், எவ்வளவு நல்ல நோக்கியிலும் பறவை நடுங்கிக்கொண்டுதான் தெரியும். அப்போது நோட்டை மூடிவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விடலாம்.